விலையில்லாத வரிசைகள்: ஒரு குடும்பம் ஊர் மாறிய கணக்கு

இது ஒரு குடும்பம் நடுத்தர நகரம் ஒன்றிலிருந்து பெருநகரத்துக்குக் குடிபெயர்ந்த கதை. முதல் கணக்குத் தாளிலிருந்து குடிபெயர்ந்து பதினெட்டு மாதம் ஆனது வரையிலான பதிவு. அவர்கள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களும் ஊர்களும் இதில் இல்லை. பணத்தையும் எந்த நாட்டு நாணயத்திலும் சொல்லவில்லை. கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்து மாதம் கைக்கு வந்துகொண்டிருந்த தொகையை 100 என்று வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் அந்த அளவிலேயே தருகிறேன். வாசிப்பவர்கள் தங்கள் வருமானத்தை 100 என்று வைத்து ஒப்பிட்டுப் பார்க்க இது வசதி.

நான் பொருளியல் நிபுணர் இல்லை. தெரிந்தவர்களுக்கு வீட்டு வரவு செலவைச் சீர்செய்யப் பல வருடங்களாக உதவி வருகிறேன். இந்தக் கணக்கில் நானும் ஒரு தவறு செய்தேன். அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

கணவருக்கு 34 வயது, மனைவிக்கு 31, மகனுக்கு 3. இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். அவருக்குக் கைக்கு வந்தது 60, அவளுக்கு 40. வாடகை வீடு. மனைவியின் அம்மா இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். காலை எட்டு மணிக்குப் பையன் பாட்டி வீட்டுக்குப் போவான். மதியம் சில மணி நேரம் மழலையர் பள்ளி. மாலை ஆறு மணிக்கு அம்மா வந்து அழைத்துப் போவாள்.

பெருநகரத்து நிறுவனம் ஒன்றிலிருந்து கணவருக்கு வேலை உத்தரவு வந்தது. கடிதத்தில் இருந்த ஆண்டுச் சம்பளம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பதில் சொல்ல மூன்று வாரம் அவகாசம். மனைவியின் நிறுவனத்துக்கு அந்த நகரத்தில் கிளை கிடையாது. அவள் புதிதாகத்தான் வேலை தேட வேண்டும்.

அவர் கொண்டுவந்த தாள்

முதல் சந்திப்புக்கு அவர் நான்காக மடித்த ஒரே ஒரு தாளோடு வந்தார். நகரங்களை ஒப்பிடும் இணையதளம் ஒன்றிலிருந்து எடுத்த இரண்டு எண்கள் அதில் இருந்தன. பெருநகரத்தின் சராசரிச் சம்பளம் இங்கிருப்பதைவிட 45 சதவீதம் அதிகம். வாழ்க்கைச் செலவு 28 சதவீதம் அதிகம். கீழே கழித்துப் போட்டு 17 என்று எழுதி, அதைச் சுற்றி இரண்டு முறை வட்டம் போட்டிருந்தார்.

"அக்கா, மாசாமாசம் பதினேழு சதவீதம் மிச்சம். போகாம இருந்தாதான் தப்பு."

மனைவி அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள். "இதுல பையனை யாரு பாத்துக்குவாங்கன்னு இல்லையே" என்றாள். அன்றைக்கு அந்தக் கேள்வியை நாங்கள் யாரும் கணக்காக எடுத்துக்கொள்ளவில்லை. கவலையாகத்தான் எடுத்துக்கொண்டோம். பிறகு நடந்தவை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்குள் இருந்தன.

தாளில் இருந்த பிழைகள்

முதலாவது, சதவீதத்தைக் கழித்தது. சம்பளம் 1.45 மடங்கு, விலை 1.28 மடங்கு என்றால் வகுக்க வேண்டும். 1.45ஐ 1.28ஆல் வகுத்தால் சுமார் 1.13. ஆக, அந்த இரண்டு எண்களையும் அப்படியே நம்பினாலும் வாங்கும் திறன் 13 சதவீதம்தான் கூடும். படித்தவர்களே இந்த இடத்தில் அடிக்கடி சறுக்குகிறார்கள். விலை ஏற்றம் பெரிதாக இருக்கும் ஊர்களில் இந்த வித்தியாசம் இன்னும் விரியும்.

இரண்டாவது, 'சராசரிச் சம்பளம்'. பத்து பேரில் ஒன்பது பேருக்கு 50, ஒருவருக்கு 400 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 85. ஆனால் அந்த அறையில் 85 வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரையும் சம்பள வரிசையில் நிற்க வைத்து நடுவில் நிற்பவரைக் கேட்டால் 50 என்பார். இதுதான் இடைநிலை. மிக உயர்ந்த சம்பளக்காரர்கள் பெருநகரங்களில்தான் கூடுகிறார்கள் என்பதால் அங்கே சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள இடைவெளி அதிகமாக இருக்கும். மேலும், கணவரின் கையில் உத்தரவுக் கடிதமே இருக்கிறது. ஊர்ச் சராசரியால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அது தேவைப்பட்டது அவளுக்கு. அவளுக்கும் ஊர் முழுவதன் சராசரி உதவாது. அவள் தொழிலில், அவள் அனுபவத்துக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பதே தேவை.

மூன்றாவது, அந்த 28 சதவீதத்தில் வாடகை சேரவில்லை. இது தளத்தின் தவறு இல்லை. இப்படிப்பட்ட தளங்களில் பலருக்கும் தெரிந்த நம்பியோவில்கூட வாழ்க்கைச் செலவுக் குறியீடு வாடகையை விட்டுவிட்டுத்தான் கணக்கிடப்படுகிறது. வாடகைக்குத் தனிக் குறியீடு, இரண்டையும் சேர்த்த குறியீடு இரண்டும் பக்கத்திலேயே இருக்கும். எல்லாமே நியூயார்க்கை 100 என்று வைத்துச் சொல்லப்படுபவை. விலைகளைப் பெரும்பாலும் பயனர்களே பதிவு செய்கிறார்கள். மெர்சர் நிறுவனத்தின் பட்டியல் வேறு நோக்கத்துக்கானது. ஊழியர்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் நிறுவனங்கள் படித்தொகையை முடிவு செய்ய, இருநூறுக்கும் மேற்பட்ட பொருள்கள், சேவைகளின் விலையை அது ஒப்பிடுகிறது. எந்தக் குறியீட்டைப் பார்த்தாலும், அது யாருடைய கூடைக்காக, அதாவது எந்த வீட்டின் செலவுப் பட்டியலுக்காகப் போட்ட கணக்கு என்று முதலில் கேட்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையும் இரண்டு தெரு தள்ளிப் பாட்டியும் உள்ள வீட்டின் கூடை எந்தப் பட்டியலிலும் கிடையாது.

வீட்டுக் கணக்கு

அடுத்த பத்து நாளில் மூன்று மாத ரசீதுகளையும் வங்கிக் கணக்கையும் வைத்து வரிசை வரிசையாக எழுதினோம். அப்போதைய நிலை இது: வாடகை 18, உணவு 22, போக்குவரத்து 6, மழலையர் பள்ளி 5, மின்சாரம், தண்ணீர், தொலைபேசி சேர்த்து 6, மருத்துவம் 5, கணவரின் பெற்றோருக்கு அனுப்புவது 8, கடன் தவணை 9, மற்றவை 9. மொத்தம் 88. மிச்சம் 12.

பிறகு ஒவ்வொரு வரிசைக்கும் பெருநகரத்தில் என்ன ஆகும் என்று விசாரித்தோம். அந்த ஊரில் ஏற்கெனவே குடியிருக்கும் மூன்று குடும்பங்களிடம் பேசினோம். வாடகை விளம்பரங்களைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சமீபத்தில் உண்மையில் வீடு எடுத்தவர்கள் கொடுக்கும் தொகையைக் கேட்டோம். விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது.

முதலில் வருமானம். கடிதத்தில் இரண்டு மடங்காகத் தெரிந்த தொகையில், ஆண்டு இறுதியில் கிடைத்தால் கிடைக்கும் ஊக்கத்தொகையும், நிறுவனம் செலுத்தும் ஓய்வுக்காலப் பங்கும் சேர்ந்திருந்தன. வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும். எல்லாம் போக மாதம் கைக்கு வருவது 105. அதாவது 60லிருந்து 75 சதவீத உயர்வு. நல்ல உயர்வுதான். ஆனால் மனைவிக்கு வேலை கிடைக்காவிட்டால், விலைவாசியைத் தொடுவதற்கு முன்பே, வீட்டு வருமானம் 100லிருந்து வெறும் 105 ஆகிறது.

செலவு: வாடகை 34, உணவு 25, போக்குவரத்து 13, மழலையர் பள்ளி 8, மின்சாரம் முதலியவை 7, மருத்துவம் 6, மற்றவை 12. பெற்றோருக்கு அனுப்பும் 8ம் தவணை 9ம் அப்படியே இருக்கும். இதுவரை 122. அதன் பிறகு, பழைய தாளில் வரிசையே இல்லாத இரண்டு செலவுகள் புதிதாக முளைத்தன. குழந்தைகள் காப்பகம் 20. அம்மாவைப் பார்க்க வந்து போகும் செலவு, மாதத்துக்குப் பிரித்தால் 4. மொத்தம் 146.

இந்த உயர்வைப் பிரித்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கே விஷயம் தெளிவானது. 88லிருந்து 146 என்றால் 58 கூடுகிறது. குறியீடு அளக்கும் வரிசைகள், அதாவது உணவு, போக்குவரத்து, மின்சாரம் போன்றவை, 53லிருந்து 71 ஆகின்றன. 34 சதவீத உயர்வு; தளம் சொன்ன 28க்குப் பெரிய தூரம் இல்லை. குறியீடு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருந்தது. ஆனால் இதில் கூடியது 18 மட்டுமே. வாடகையில் கூடியது 16. மீதி 24, மூன்றிலும் பெரிய பங்கு, பழைய ஊரில் பூஜ்யமாக இருந்த இரண்டு வரிசைகளிலிருந்து வந்தது. பூஜ்யத்தை எந்தச் சதவீதத்தால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். அதனால்தான் குறியீட்டால் அந்த 24ஐப் பார்க்க முடியவில்லை.

காப்பகம் ஏன் அவ்வளவு விலை என்று கணவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்கு ஒரு பழைய விளக்கம் உண்டு. பொருளியலாளர்கள் பேலா பலாசாவும் பால் சாமுவேல்சனும் 1964இல் தனித்தனியாக எழுதியது. நாடுகளைப் பற்றிச் சொன்னார்கள் என்றாலும் நகரங்களுக்கும் அந்தத் தர்க்கம் பொருந்துகிறது. அரிசி மூட்டையும் சட்டையும் வண்டியேறி வந்துவிடும். அவற்றின் விலை ஊருக்கு ஊர் ஓரளவுக்கு மேல் விலகாது. முடி வெட்டுவதையும் குழந்தையைப் பார்த்துக்கொள்வதையும் வண்டியில் ஏற்ற முடியாது. செழித்த தொழில்கள் கூலியை உயர்த்தும்போது, அந்த ஊரில் காப்பகம் நடத்துகிறவரும் அதே உயர்ந்த கூலியைக் கொடுத்துத்தான் ஆள் வைக்க வேண்டும். எந்தக் காரணத்தால் கணவரின் சம்பளம் அங்கே அதிகமோ, ஏறக்குறைய அதே காரணத்தால்தான் காப்பகமும் அங்கே அதிகம்.

போகலாம் என்று சொல்லும் வரிசைகளும் இருந்தன. நியாயமாக அவற்றையும் சொல்ல வேண்டும். பெற்றோருக்கு அனுப்புவதும் தவணையும் சேர்ந்த 17, ஊர் மாறினாலும் ஒரு காசு ஏறாது. வருமானத்தில் பெரும்பகுதியை இப்படி வெளியே அனுப்புகிறவர்களுக்குச் சம்பளம் அதிகமான ஊர் குறியீடு சொல்வதைவிட லாபமானது. சேமிப்பும் அப்படியே. பெருநகரத்தில் சேர்த்து, பிற்காலத்தில் விலை குறைந்த ஊரில் செலவழிக்கப் போகிறவருக்கு அந்தச் சேமிப்பின் மதிப்பு கூடும்.

மனைவிக்கு 45க்கு வேலை கிடைத்தால் வருமானம் 150, மிச்சம் 4. கிடைக்காவிட்டால் காப்பகமும் அவள் போக்குவரத்தும் குறைந்து செலவு 120 ஆகும். மாதம் 15 பற்றாக்குறை. சம்பளம் ஒன்றரை மடங்கு ஆன பிறகும் மிச்சம் 12லிருந்து 4க்கு இறங்குகிறது என்பதை ஏற்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. தாளை வீட்டுக்கு எடுத்துப் போய்த் தானே மறுபடி போட்டுப் பார்த்தார். அதே விடைதான் வந்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்ற பேச்சு வந்தது. அந்தப் பேச்சை மறுத்தவர் கணவர் மட்டுமில்லை, மனைவியும்தான். இப்போதைய நிறுவனத்தில் அவருக்கு மேலே போக இடமில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஹோர்ஹே டி லா ரோக்கா, டியேகோ பூகா இருவரும் ஸ்பெயின் தொழிலாளர்களின் பல வருடப் பதிவுகளை வைத்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை அவர்களிடம் சொன்னேன். பெரிய நகரங்களில் வேலை செய்து கிடைக்கும் அனுபவத்துக்கு மதிப்பு அதிகம், ஊரை விட்டுத் திரும்பிய பிறகும் அதில் ஒரு பங்கு கூடவே வருகிறது என்பது அதன் முடிவு. மாதக் கணக்கில் ஏறாத வரவு அது. அதற்காக இரண்டு மூன்று வருடம் மிச்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று இருவரும் எண்ணினார்கள். எத்தனை குறையலாம் என்பதற்கு மட்டும் ஓர் எல்லை வைக்கச் சொன்னேன்.

முதல் முடிவு, சம்பளத்தைப் பேசுவது. பழைய மிச்சம் 12ஐத் தொட 113 வேண்டும். அவர் 115 கேட்டார். 'இங்கே செலவு அதிகம்' என்று பொதுவாகச் சொல்லாமல் காப்பகம், வாடகை என்ற இரண்டு எண்களோடு பேசினார். 110 கொடுத்தார்கள். சாமான் கொண்டுபோகும் செலவான 20ஐயும் நிறுவனமே ஏற்றது. வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்டதற்கு ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார்கள்.

இரண்டாவது முடிவு மனைவியுடையது. "எனக்கு வேலை கிடைக்காம நான் கிளம்ப மாட்டேன். இதை எழுதியே வைங்க" என்றாள். எழுதி வைத்தோம். குறைந்தபட்சம் 42. அதுவரை அவர் மட்டும் போவது. எட்டு மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் அவர் திரும்புவது. அந்த வரிக்குக் கீழே இருவரும் தேதி போட்டார்கள். வீட்டு முன்பணம் மூன்று மாத வாடகை, 102. கையில் இருந்த சேமிப்பு 160. முன்பணம் திரும்பி வரும் பணம்தான் என்றாலும் அங்கே இருக்கும்வரை அது அவர்கள் பணம் இல்லை. அதனால், அவர் தனியாக இருக்கும் மாதங்களில் சேமிப்பதிலிருந்தே அதைக் கொடுப்பது என்றும் முடிவானது.

தனியாக இருந்த ஐந்து மாதங்கள்

அறையைப் பகிர்ந்து தங்கினார். அவருடைய செலவு, ஊருக்கு வந்து போவது உட்பட, 35. இங்கே வீட்டுச் செலவு 79ஆகக் குறைந்தது. வருமானம் 150. மாத மிச்சம் 36.

மொத்தப் பதிவிலும் மிச்சம் இவ்வளவு கூடியது இந்த ஐந்து மாதங்களில்தான். ஒருவர் பெருநகரச் சம்பளம் வாங்கி, குடும்பம் சிறிய ஊரில் இருந்தால் பணக்கணக்கு எப்போதும் இப்படித்தான் வரும். மூன்றாவது மாதத்திலிருந்து, அப்பா காணொளியில் அழைத்தால் பையன் கைபேசியை வாங்கி, திரை தரையில் படும்படி கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்விடுவான். அழமாட்டான், பேசமாட்டான். அந்த 36ஐ இதோடு சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

ஐந்தாவது மாதம் மனைவிக்கு 42க்கு வேலை கிடைத்தது. எல்லைக்கோட்டின் மேலேயே நின்ற எண். குடும்பம் குடிபெயர்ந்தது.

பத்து நிமிடம்

வீட்டைத் தேர்ந்தெடுத்தபோது நான் போட்ட அளவுகோல், கணவரின் அலுவலகத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் என்பது. 34 வாடகையில் 50 நிமிடத் தூரத்தில் கிடைத்தது. அவளுடைய அலுவலகம் நகரத்தின் மறுபக்கம், 70 நிமிடம். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காப்பகம் 6.30க்கு மூடும். அவள் 5.30க்கு வேலை முடித்துக் கிளம்பினால் 6.40க்குத்தான் வந்து சேர்வாள்.

பத்து நிமிடம். தாமதத்துக்குத் தினமும் கூடுதல் கட்டணம். அதைத் தவிர்க்க வாரத்தில் இரண்டு நாள் வாடகை வண்டி. காப்பகச் செலவு 20லிருந்து 24 ஆனது, போக்குவரத்து 15. மற்ற குழந்தைகளோடு புதிதாகச் சேர்ந்ததில் பையனுக்கு அடிக்கடி காய்ச்சல், மருத்துவம் 9. அந்த நாள்களில் விடுப்பு எடுத்ததும் அவள்தான். ஊருக்குப் போய்வரும் செலவு 6. முதல் ஆறு மாதச் சராசரிச் செலவு 154, வருமானம் 152. மிச்சம் இல்லை, மாதம் 2 குறைந்தது.

எங்கள் மதிப்பீட்டைவிடக் குறைந்த வரிசைகளும் இருந்தன. உணவு 25 என்று போட்டோம், 23தான் ஆனது. மற்றவை 12 என்றது 11 ஆனது. பழைய ஊரில் வாங்கிய அதே பொருள்களின் பட்டியலைப் புது ஊர் விலையில் நாங்கள் கணக்கிட்டிருந்தோம். எத்தியென் லாஸ்பெயர்ஸ் 1871இல் முன்வைத்த குறியீட்டு முறை இப்படிப்பட்டது. அதில் செலவு சற்று மிகையாகத் தெரியும் என்பது பழைய பாடம். மனிதர்கள் புது ஊரில் விலை கூடியதைக் குறைத்து, மலிவானதற்கு மாறிக்கொள்வார்கள். உணவில் அவர்கள் மாறிக்கொண்டார்கள். காப்பகத்தில் மாறிக்கொள்ள வழி இருக்கவில்லை.

மனைவியின் கணக்கைத் தனியாகப் போட்டேன். பழைய ஊரில் அலுவலகம் 15 நிமிடம். மாதம் 22 நாளுக்குப் போக வர 11 மணி நேரம். புது ஊரில் 51 மணி நேரம். ஒவ்வொரு மாதமும் 40 மணி நேரம், ஒரு முழு வேலை வாரம், பயணத்துக்குக் கூடுதலாகப் போனது. பயணத்தையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால், பழைய 40 சம்பளத்தைவிடப் புது 42 சம்பளம் 13 சதவீதத்துக்கு மேல் குறைவு. விலைவாசியை இன்னும் தொடவே இல்லை. டேனியல் கானமனும் உடனிருந்தவர்களும் டெக்ஸஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் நாள் முழுவதையும் பகுதி பகுதியாகக் கேட்டுப் பதிந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், வேலைக்குப் போய்வரும் பயணம்தான் மகிழ்ச்சியில் கடைசியில் நின்றது. தொலைபேசியில் அவள் குரலைக் கேட்டவளுக்கு ஆய்வு தேவைப்படவில்லை. "அக்கா, நான் யாருக்காக ஓடுறேன்னே தெரியல" என்றாள் ஒருநாள்.

இரண்டாவது முடிவு

குடிபெயர்ந்து ஏழாவது மாதம் மறுபடி மூவரும் உட்கார்ந்தோம். அவள் வேலையை விடுவது, நேரத்தைக் குறைத்துக்கொள்வது, அம்மாவை வரவழைப்பது, வீடு மாற்றுவது என நான்கு வழிகள் இருந்தன.

அம்மா வந்தார். ஏழு வாரம் இருந்தார். காய்ச்சல் குறைந்தது, தாமதக் கட்டணம் நின்றது. பிறகு அவர் திரும்பிப் போனார். "அங்க என் வீடு இருக்கு, என் ஜனங்க இருக்காங்க. இங்க கதவைச் சாத்திட்டு உக்காந்திருக்க என்னால ஆகல, கண்ணு" என்றாராம். அவருக்கு 61 வயது. மூன்று வருடம் தினமும் பத்து மணி நேரம் ஒரு குழந்தையை வளர்த்தவரிடம், குடிபெயரும் முடிவின்போது நாங்கள் யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை. பேரனும் மகளும் போன பிறகு அவர் நாள் எப்படி ஆகும் என்பதும் எங்கள் எந்த வரிசையிலும் இல்லை. இதை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான்.

கடைசியில் வீட்டை மாற்றினார்கள், மனைவியின் அலுவலகத்துக்கு 15 நிமிடத் தூரத்தில். வாடகை 39. எண்ணைப் பார்த்ததும் கணவர் தயங்கினார். நான் எதிர்ப்பக்கத்து எண்களை எழுதிக் காட்டினேன். வாடகை 5 கூடுகிறது. போக்குவரத்து 15லிருந்து 10 ஆகிறது. காப்பகம் 24லிருந்து 20க்குத் திரும்புகிறது. அதிக வாடகை வீட்டில் மாதம் 4 குறைவாகச் செலவாகும், அவளுக்கு 40 மணி நேரமும் திரும்பக் கிடைக்கும். கணவரின் பயணம் ஒரு வழிக்கு 75 நிமிடமாகக் கூடியது. ஆனால் அதற்குள் வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வந்துவிட்டதால் மாதத்துக்குச் சுமார் 32 மணி நேரம்தான். முன்பு அது 36க்கும் மேல்.

பதினெட்டு மாதம் கழித்து

கணவருக்கு 118, மனைவிக்கு 44. மொத்தம் 162. செலவு 147. மிச்சம் 15.

12லிருந்து 15 என்று இதை வெற்றியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிளம்பிய நாளின் 12ஐ வைத்து ஒப்பிடுவது சரியில்லை. அங்கேயே இருந்திருந்தால் இன்று என்னவாக இருக்கும் என்பதைத்தான் எதிரே வைக்க வேண்டும். கணவரின் பழைய பதவியில் இப்போது இருப்பவருக்கு 65 வருகிறது. மனைவியின் பழைய அலுவலகத்தில் அவளுக்கு நிகரானவர்கள் 43 வாங்குகிறார்கள். அந்த ஊரிலும் விலைகள் ஏறியிருக்கின்றன. எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மிச்சத்தில் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. பணத்தில் இரண்டு ஊர்களும் ஏறக்குறைய சமம். கணவருக்குப் பொறுப்பு கூடியிருக்கிறது, கற்றது அதிகம். மனைவி தன் வேலையில் இன்னும் பழைய இடத்தை எட்டவில்லை; பழைய அலுவலகத்தில் இருந்திருந்தால் இந்நேரம் குழுத் தலைவர். இந்த இரண்டையும் எந்த எண்ணாலும் ஈடுகட்ட எனக்குத் தெரியவில்லை.

மறுபடி செய்தால் மாற்றுவது

வீடு தேடும்போது யாருடைய அலுவலகத்திலிருந்து தூரத்தை அளப்பது என்ற கேள்வியில் நான் செய்தது தவறு. அதிகம் சம்பாதிக்கிறவரிடமிருந்து அளந்தேன். குழந்தையை அழைத்து வருகிறவரிடமிருந்து அளந்திருக்க வேண்டும். இரண்டாவது வீட்டையே முதலில் எடுத்திருந்தால் ஏழு மாதப் பற்றாக்குறையும், இரண்டாவது முறை சாமான் கட்டிய செலவும், அவள் அலைச்சலும் இருந்திருக்காது. காப்பகம் எவ்வளவு என்று கேட்டோமே தவிர, எத்தனை மணிக்கு மூடும் என்று கேட்கவில்லை.

இப்போது ஊர் மாற நினைத்து யார் வந்தாலும் குறியீட்டுக்குப் போகும் முன் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுக்கிறேன். இப்போது காசு கொடுக்காமல் உங்களுக்குக் கிடைப்பவற்றை எழுதுங்கள் என்கிறேன். முதலில் எல்லாரும் 'ஒன்றுமில்லை' என்கிறார்கள். கொஞ்ச நேரத்தில் எழுத ஆரம்பிக்கிறார்கள்: அவசரத்துக்குச் சாவி வாங்கி வைக்கும் பக்கத்து வீட்டார், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் அலுவலகம், இரவில் கூப்பிட்டாலும் வரும் தெரிந்த மருத்துவர், வண்டியை இரவல் தரும் தம்பி. ஒவ்வொன்றுக்கும் புது ஊரில் என்ன விலை என்று விசாரித்த பிறகுதான் வாடகைக்கு வருகிறோம்.

எட்டு மாத எல்லையையும் 42 என்ற எண்ணையும் எழுதி வைத்ததை மாற்றமாட்டேன். மனைவி அதை எழுதச் சொல்லாமல் இருந்திருந்தால், வேலை இல்லாமலேயே குடும்பம் கிளம்பியிருக்கும் என்று கணவரே பின்னர் சொன்னார்.

போன வாரம் அவள் அழைத்தாள். வீட்டு ஒப்பந்தம் நான்கு மாதத்தில் முடிகிறது. பழைய நிறுவனத்தில் குழுத் தலைவர் இடம் காலியாகிறதாம். வருகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். புதுத் தாள் எடுத்து வைத்திருக்கிறாள். முதல் வேலையாக அம்மாவிடம் பேசிவிட்டுத்தான் என்னை அழைத்ததாகச் சொன்னாள்.